ஹார்ட் டிஸ்க்குக்கும் வேண்டும் ஒரு மொய் நோட்டு

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி வட்டாரம் களை கட்டிவிடும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று ஊருக்கு ஊர் பந்தல். மொய் விருந்து சீஸன்! வெளியூர் ஆசாமி பந்தலுக்குள் நுழைந்ததும் மூக்கை வைத்துக் கறிக்குழம்பு இருக்கும் திசையைக் கண்டுபிடிப்பார். உள்ளூர்க்காரர் கண்ணை வைத்து நோட்டு இருக்கும் திசையைக் கண்டுபிடிப்பார்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இதில் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. மொய் வாங்குவதற்கென்றே போடுகிற விருந்து. செலவு குறைய நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு நோட்டு. இன்று உங்களுக்கு வருகிற பணம், நாளை அவர் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். இதற்குப் பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஆதாரம் என்று இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான்.

நோட்டு தொலைந்தால் பணம் மட்டுமா போகும்? ''நான் அஞ்சாயிரம் செஞ்சேன், நீ ரெண்டாயிரத்தோட நிறுத்திட்டியே மச்சான்'' என்று ஒரு வார்த்தை விழுந்தால், அது மூன்று தலைமுறைக்கு ஓடும்.

அதனால்தான் எழுதுகிற ஆள் விஷயத்தில் அப்படி ஒரு ஜாக்கிரதை. கொடுத்தவர் ஊர், பேர், தொகை சொல்வார். எழுதுகிறவர் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார். நோட்டில் ஏறிய பிறகுதான் பணம் பெட்டிக்குள் போகும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல். சில பந்தல்களில் கம்ப்யூட்டரே வந்து உட்கார்ந்து ரசீது அச்சடித்துக் கொடுக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 'நோட்டு எந்தக் கம்பெனி, எத்தனை பக்கம்?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 'எழுதறது யாரு?' என்றுதான் கேட்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் நாம் அப்படியே தலைகீழ். எந்தக் கம்பெனி, எத்தனை டெராபைட், ஆஃபர் உண்டா என்று மூன்று கடை ஏறி இறங்குகிறோம். அதில் எழுதப் போவது யார் என்று கேட்பதே இல்லை.

* * *

அறந்தாங்கிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி ஒருத்தர் எனக்குப் பழக்கம். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை மூலையில் வைத்து, இரண்டு பெரிய டிஸ்க் போட்டு, 'ஹோம் செர்வர்' ஆக்கப் போவதாகச் சொன்னார்.

ஹோம் செர்வர் என்றால் பயப்பட வேண்டாம். நாள் முழுக்க ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வீட்டில் உள்ள எல்லா செல்போனிலிருந்தும் படங்கள் வந்து அதில் இறங்கும். டி.வி.யில் அதைப் போட்டுப் பார்க்கலாம். மாசா மாசம் யாருக்கும் வாடகை கட்ட வேண்டாம். ரிடையரான கம்ப்யூட்டருக்கு ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்த மாதிரி.

''அண்ணே, எந்த டிஸ்க் வாங்கலாம்?''

''அதை அப்புறம் பார்க்கலாம். எந்த ஃபைல் சிஸ்டம் போடப் போறீங்க?''

''அது என்னண்ணே, தானா ஒண்ணு கேக்கும்... ஓகே குடுத்துருவேன்.''

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த ஓகே பேர்வழிகள்தான். அந்த ஒரு ஓகேயில் இருநூறு குடும்பங்களின் தாலி கட்டும் நிமிஷம் அடக்கம் என்பது தம்பிக்கு உறைக்கவில்லை. ஆகவே இந்த வாரம் அந்த ஓகே பற்றி.

* * *

டிஸ்க் என்பது வெறும் கல். குடுமியான்மலைப் பாறை மாதிரி. அதில் எதை எங்கே வெட்டுவது, எந்த வரி எங்கே தொடர்கிறது என்கிற கணக்குப்பிள்ளை வேலையைச் செய்வதுதான் ஃபைல் சிஸ்டம். நீங்கள் 'பேத்தி பிறந்தநாள்' என்று பெயர் கொடுக்கிறீர்கள். அது அந்த வீடியோவைத் துண்டு துண்டாக்கி, காலியான கட்டங்களில் வைத்து, 'இந்தப் பெயருக்கு இந்த இந்தக் கட்டங்கள்' என்று தன் நோட்டில் எழுதிக்கொள்கிறது. திரும்பக் கேட்கும்போது நோட்டைப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறது.

நோட்டு கெட்டால்? கட்டங்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் எது யாருடையது என்று தெரியாது. பெட்டியில் பணம் இருக்கிறது, மொய் நோட்டு எரிந்துவிட்டது என்கிற நிலைமை.

நோட்டு எப்போது கெடும்? பாதி எழுதும்போது கரண்ட் போனால்.

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை, பலா, மின்கம்பம் என்ற பேதமில்லாமல் சாய்த்துப் போட்டது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. கஜா எப்போதோ வருவது. ஆனால் நம் ஊரில் கரண்ட் 'சும்மா ரெண்டு நிமிஷம்' போய் வருவதற்குப் புயல் எதற்கு? ஒரு அணில் போதும்.

வீடியோ டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. பாதிக் கட்டம் எழுதியாயிற்று, நோட்டில் இன்னும் ஏறவில்லை. பட்டென்று கரண்ட் போகிறது. இந்த நேரத்தில்தான் கணக்குப்பிள்ளையின் குணம் தெரியும்.

பழைய கணக்குப்பிள்ளை ஃபேட். எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்றைக்கும் பென் டிரைவில் உட்கார்ந்திருக்கிற ஃபேட் 32 அவர் வாரிசு. ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தொட்டால் வாங்க மாட்டார். அவருடைய தம்பி எக்ஸ்ஃபேட் 2006-ல் வந்தார். பெரிய ஃபைலை வாங்கிக்கொள்வார். ஆனால் இருவருக்கும் ஒரே குறை. செய்யப் போவதை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லை. கரண்ட் போய் வந்தால் 'எங்கே விட்டேன்?' என்று மோட்டுவளையைப் பார்ப்பார்கள்.

அடுத்த தலைமுறை அதைச் சரி செய்தது. 'இன்ன கட்டத்தில் இன்னது மாற்றப் போகிறேன்' என்று முதலில் ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதுவது. அப்புறம் வேலையைச் செய்வது. முடிந்ததும் டிக் அடிப்பது. கரண்ட் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்து, பாதியில் நின்றதை முடித்துவிடும், அல்லது அரைகுறைக் குறிப்பைத் தள்ளிவிடும். மொய் எழுதுகிறவர் நோட்டில் ஏற்றிவிட்டுப் பணத்தைப் பெட்டியில் போடுகிறாரே, அதே முறை. இதற்கு ஜர்னலிங் என்று பெயர். விண்டோஸ் உபயோகிக்கும் என்.டி.எஃப்.எஸ். 1993-லேயே இப்படித்தான். லினக்ஸுக்கு ஈ.எக்ஸ்.டி.3 இந்த வசதியை 2001-ல் கொண்டுவந்தது. அதன் வாரிசு ஈ.எக்ஸ்.டி.4 2008-லிருந்து இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஜர்னல் காப்பாற்றுவது பெரும்பாலும் நோட்டைத்தான், படத்தை அல்ல. பாதியில் நின்ற அந்த ஒரு வீடியோ போனது போனதுதான். மற்ற இருநூறு கல்யாணம் தப்பிக்கும். அந்த ஒன்றும் தப்பிக்க வேண்டுமானால் ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள். கரண்ட் போனால் செர்வரை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் கேபிளையும் மறக்காமல் மாட்டுங்கள். அது அட்டைப் பெட்டியிலேயே தூங்குகிற வீடுகள்தான் அதிகம்.

* * *

கரண்ட் போவதாவது சொல்லிவிட்டுப் போகிறது. விளக்கு அணைகிறது, மிக்ஸி நிற்கிறது, வீட்டில் சத்தம் கேட்கிறது. சொல்லாமல் வருகிற வியாதி ஒன்று உண்டு.

நாலு வருஷம் முன்னால் போட்ட படம். யாரும் தொடவில்லை. இன்று திறந்தால் பாதிப் படம் சாம்பல் பட்டை. டிஸ்க்கும் 'நான் நலம்' என்கிறது, கம்ப்யூட்டரும் 'எல்லாம் சரி' என்கிறது. உள்ளே ஒரு எழுத்து மட்டும் மாறிப் போயிருக்கிறது. டிஸ்க்கின் தேய்மானம், தளர்ந்த கேபிள், மெமரியில் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடம் 2007-ல் தன் டிஸ்க்குகளில் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்தது. எந்த எச்சரிக்கையும் வராமலே சில இடங்களில் எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று! அணுவைப் பிளக்கிற இடத்திலேயே இப்படியென்றால் அறந்தாங்கி எம்மாத்திரம்?

ஈ.எக்ஸ்.டி.4-க்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. தன் சொந்த நோட்டை மட்டும் சரிபார்த்துக்கொள்ளும். உங்கள் படத்தை அது கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டிப் பார்க்கிற ஆசாமிகள் இருவர். ஒருவர் இஸட்.எஃப்.எஸ். ஸன் கம்பெனியில் 2001-ல் கருவாகி 2005-ல் வெளியே வந்தவர். இன்னொருவர் பி.டி.ஆர்.எஃப்.எஸ். ஆரக்கிளில் வேலை பார்த்த கிறிஸ் மேஸன் 2007-ல் ஆரம்பித்தது. 2009-ல் லினக்ஸுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. இதைப் 'பட்டர் எஃப்.எஸ்.' என்று செல்லமாகச் சொல்வார்கள். நாம் வெண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த இருவரும் ஒவ்வொரு கட்டத்தை எழுதும்போதும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, அதை அந்தக் கட்டத்திலேயே வைக்காமல் வேறு இடத்தில் வைப்பார்கள். பக்கக் கூட்டலை அதே பக்கத்தின் கீழே எழுதினால் பக்கத்தைத் திருத்துகிற கை கூட்டலையும் திருத்திவிடும் அல்லவா? அதனால் கூட்டல் தனி நோட்டில். பின்னால் படிக்கும்போது மறுபடி கூட்டிப் பார்த்து, பொருந்தாவிட்டால் ''ஐயா, இது கெட்டுப்போச்சு'' என்று ஒப்புக்கொள்வார்கள். ஒரே விஷயம் இரண்டு டிஸ்க்கில் ஜோடியாக, அதாவது மிர்ரராக இருந்தால், நல்ல பிரதியிலிருந்து கெட்டதைத் தானே சரிசெய்தும் விடுவார்கள். ஒற்றை டிஸ்க் என்றால் நோய் தெரியும், மருந்து இருக்காது.

* * *

இந்த இருவருக்கும் இன்னொரு நல்ல குணம். அதைப் புரிந்துகொள்ள திருமயத்துக்கு ஒரு நடை போய் வரலாம். கோட்டைக்கு அல்ல, கீழே இருக்கிற சிவன் குடைவரைக்கு.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்வரங்களை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் ஏழாம் நூற்றாண்டு. இன்றும் படிக்கலாம். திருமயத்திலும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அதே சுவரில், அதன் மேலேயே, வேறொரு சாசனத்தை வெட்டிவிட்டார்கள். பழைய இசை பெரும்பாலும் போயே போய்விட்டது. மிச்சமிருப்பது சில எழுத்துக்கள்தான். வெட்டியவருக்கு அது அவசர காரியமாக இருந்திருக்கும். நமக்கு ஒரு பாட்டு நஷ்டம்.

பழைய ஃபைல் சிஸ்டங்கள் செய்வது இந்தத் திருமயம் வேலையைத்தான். ஒரு ஃபைலைத் திருத்தினால் பழையது இருந்த கட்டத்தின் மேலேயே புதியதை எழுதும். இஸட்.எஃப்.எஸ்.ஸும் வெண்ணெயும் அப்படிச் செய்வதில்லை. புதியதை வேறொரு காலிக் கல்லில் வெட்டுவார்கள். முழுக்க வெட்டி முடித்த பிறகுதான் 'இனி இதைப் பார்' என்று அம்புக்குறியைத் திருப்புவார்கள். நடுவில் கரண்ட் போனால் அம்புக்குறி பழைய கல்லையே காட்டும். அரைகுறை என்பதே கிடையாது.

இதில் இலவச இணைப்பாகக் கிடைப்பது ஸ்னாப்ஷாட். பழைய கல்லை உடைக்காமல் வைத்தால் நேற்றைய நிலைமை அப்படியே இருக்கும். மாற்றிய பகுதிக்குத்தான் இடம் செலவு. லீவுக்கு வந்த அக்கா பையன் கேம்ஸுக்கு இடம் போதவில்லை என்று 'பழைய ஃபோட்டோ' ஃபோல்டரைத் துடைத்துவிட்டானா? பையனைத் துரத்த வேண்டாம். நேற்றைய ஸ்னாப்ஷாட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு முறுக்கு கொடுத்தனுப்பலாம்.

* * *

சரி, எதைத்தான் போடுவது? பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே டிஸ்க், பழைய கம்ப்யூட்டர், ராத்திரி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள நேரமில்லை என்றால் ஈ.எக்ஸ்.டி.4. நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. ஏ.சி. இல்லை, ஆனால் போய்ச் சேரும். கெட்டுப்போனாலும் ரிப்பேர் பார்க்க வழி ஏராளம். கூடவே வேறு டிஸ்க்கில் கண்டிப்பாக ஒரு பிரதி.

இரண்டு டிஸ்க், வருஷக்கணக்கில் வைக்க வேண்டிய படங்கள் என்றால் இஸட்.எஃப்.எஸ். மிர்ரர். வீட்டு உபயோகத்துக்கு 8 ஜி.பி. மெமரி போதும். டெராபைட்டுக்கு ஒரு ஜி.பி. வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். ஒரே மாதிரி கட்டங்களைத் தேடிப் பிடித்து இடம் மிச்சப்படுத்துகிற வசதி ஒன்று இருக்கிறது, மெமரியைத் தின்பது அதுதான். அதை ஆன் செய்யாதீர்கள். இன்னொன்று, லைசென்ஸ் தகராறால் இது லினக்ஸின் சொந்தப் பிள்ளை இல்லை, வீட்டோடு மாப்பிள்ளை. உபுண்டு 2016-லிருந்து கூடவே சேர்த்துத் தருகிறது. வேறு லினக்ஸ் என்றால், பெரிய அப்டேட் போடுமுன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு டிஸ்க்கும் வேறு வேறு அளவு, நாளைக்கு மூன்றாவதும் சேர்ப்பேன் என்றால் வெண்ணெய். அளவு வித்தியாசத்தை அனுசரித்துப் போகும். ஃபெடோரா டெஸ்க்டாப் 2020 முதல் இதைத்தான் இயல்பாகப் போடுகிறது. ஒற்றை டிஸ்க், ஜோடி டிஸ்க் இரண்டுக்கும் நல்ல பிள்ளை. ஆனால் இதன் ரெய்டு 5, ரெய்டு 6 பக்கம் மட்டும் போகவே வேண்டாம். கரண்ட் போகும் நேரத்தில் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்று செய்தவர்களே எச்சரிக்கிறார்கள்.

செர்வரே விண்டோஸ் என்றால் என்.டி.எஃப்.எஸ்., பேச்சே இல்லை. லினக்ஸ் செர்வரில் அதைப் போட வேண்டாம். லினக்ஸுக்கு அதைப் படிக்க, எழுதத் தெரியும். பெரிய ரிப்பேர் என்றால் விண்டோஸிடம்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எக்ஸ்ஃபேட்? வண்டியில் சாமான் ஏற்றுகிற மாதிரி, இங்கிருந்து அங்கே எடுத்துப் போக. வண்டியிலேயே குடும்பம் நடத்தக் கூடாது.

டிஸ்க் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி. 'இது எஸ்.எம்.ஆரா, சி.எம்.ஆரா?' எஸ்.எம்.ஆர். என்றால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்றினால் பக்கத்து ஓடுகளையும் பெயர்த்துப் போட வேண்டும். செத்த டிஸ்க்குக்குப் பதில் புதியது போட்டு மிர்ரரை நிரப்பும்போது இது திணறும். வீட்டு செர்வருக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளில்கூட இது சொல்லாமல் வைக்கப்பட்டிருந்தது என்று 2020-ல் உலகம் முழுக்க வாங்கியவர்கள் கொதித்தார்கள். கடைக்காரர் விழித்தால் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து பாருங்கள்.

* * *

''அப்ப இஸட்.எஃப்.எஸ். போட்டுட்டா நிம்மதியாத் தூங்கலாம்ல அண்ணே?'' என்றார் தம்பி.

தூங்கலாம். ஆனால் இடி விழுந்தால் ஜோடியில் இரண்டும் சேர்ந்து போகும். திருடன் வந்தால் 'ஒன்றை வைத்துவிட்டுப் போகிறேன்' என்று சொல்ல மாட்டான். ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. மிர்ரர் என்பது செலவில்லாத ஸ்டெப்னி, இன்ஷூரன்ஸ் அல்ல.

இதைப் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்காரர்கள் கம்ப்யூட்டர் இல்லாமலே புரிந்துகொண்டிருந்தார்கள். கல்லை விட உறுதியான ஹார்ட் டிஸ்க் உண்டா? ஆனாலும் 'கல்லில் இருக்கிறதே' என்று விட்டுவிடவில்லை. சமஸ்தானத்துக் கோயில்கள், பாறைகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, அரசர் வம்சவாரியாக வகைப்படுத்தி, 1929-ல் புத்தகமாகவே அச்சடித்துவிட்டார்கள். கல் உடையலாம், திருப்பணியில் இடம் மாறலாம், சுண்ணாம்பு பூசி மறையலாம். புத்தகம் வேறு வேறு ஊர் நூலகங்களில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர்தான் பேக்கப்.

நமக்கும் அதே கணக்கு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வெளியூரில். திருச்சியில் தங்கை வீடு இருக்கிறதா? ஒரு டிஸ்க்கை அவர் பீரோவில் வைத்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாற்றிக்கொண்டு வாருங்கள். தங்கையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

கூடவே மாதம் ஒரு முறை 'ஸ்க்ரப்' ஓட விடுங்கள். எல்லாக் கட்டத்தையும் வாசித்துக் கூட்டிப் பார்க்கிற வேலை. இஸட்.எஃப்.எஸ்.ஸும் வெண்ணெயும் இதற்குத் தயார், நீங்கள் சொன்னால்தான் செய்யும். சம்பள நாளன்று ஓடும்படி ஒரு தடவை ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். சினிமாப் படம் போனால் திரும்ப இறக்கலாம். ஆபீஸ் ரிப்போர்ட் போனால் திரும்ப அடிக்கலாம், திட்டு இலவசம். ஆனால் ஏதோ ஒரு கல்யாண வீடியோவின் மூலையில், பந்தி பரிமாறிக்கொண்டே, ''ஏப்பா, சாப்பிட்டியா?'' என்று கேமராவைப் பார்த்துக் கேட்கிற அப்பா இருப்பார். மூன்றே செகண்ட். அவர் போன பிறகு அந்தக் குரல் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதற்கு ஆஃபர் விலை, வாரண்டி எதுவும் இல்லை. வாரண்டியில் புது டிஸ்க் தருவார்கள், அப்பாவைத் தர மாட்டார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ''ரெண்டு டிஸ்க் இல்லண்ணே, மூணாவே வாங்கிடறேன்'' என்றார்.

நீங்கள் புதிதாக எதுவும் வாங்காவிட்டாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிற அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டி, அதில் இருக்கிற மிகப் பழைய வீடியோவைக் கடைசி வரை ஓட விட்டுப் பாருங்கள். ஓடினால் அன்றே இன்னொரு பிரதி எடுங்கள். ஓடாவிட்டால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், அது கேட்கிற எந்தக் கேள்விக்கும் ஓகே கொடுக்காமல், கழற்றி வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைத் தேடுங்கள்.